செயலாளர் டீ குடித்த நாள்

வீரசிங்கம் டீ குடித்து பிரிக்ஃபீல்ட்ஸில் யாரும் பார்த்ததில்லை. அங்கே ஏழைப் பிள்ளைகளுக்கான உதவி நிதிக் கமிட்டி ஒன்று இருந்தது. அதில் அவர் பதினோரு வருஷமாகச் செயலாளர். மாதக் கடைசி ஞாயிறு கூட்டத்தில் டீயும் வடையும் வந்தால் மற்ற ஆறு பேரும் ஒரு கை பார்ப்பார்கள். இவர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் கூட்டத்தில் பேசியதையெல்லாம் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருப்பார். கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், வாய் மட்டும் திறக்காது. ரயில்வே கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், அந்த மிடுக்குத்தான் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கென்ன, பேசிவிட்டுப் போகும்.

மிடுக்கும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. பிறக்கும்போதே அவருக்கு உதடும் வாயின் மேற்கூரையான அண்ணமும் பிளந்திருந்தன. உதட்டை யாரோ ஒரு டாக்டர் தைத்துவிட்டார், தழும்பை மீசை மறைத்துக்கொண்டது. அண்ணத்தை மூடத்தான் ஆளில்லாமல் போயிற்று. பேசினால் சத்தமெல்லாம் மூக்கு வழியே போய்விடும், எதிரில் இருப்பவர் 'என்ன, என்ன?' என்பார். அவசரப்பட்டு எதையாவது குடித்தால் அதுவும் மூக்கு வழியே வந்துவிடும். முப்பது வயதில் செந்தூலுக்குப் பெண் பார்க்கப் போனார்கள். பெண் என்னவோ கேட்டாள், இவர் பதில் சொன்னார், அவள் தெரியாத்தனமாகச் சிரித்துவிட்டாள். அதோடு அந்தப் பேச்சை விட்டவர்தான். ஐம்பத்தெட்டு வயதில் அவரோடு சாப்பாட்டுக்கு உட்காருவது ரேடியோ ஒன்றுதான்.

எண்பத்தாறாம் வருஷம், கிள்ளானுக்கு அப்பால் மேரு என்ற ஊரிலிருந்து ஒரு மனு வந்தது. லோரி ஓட்டும் பக்கிரிசாமியின் மகள் சீதாலெட்சுமிக்கு ஒன்பது வயது. அவளுக்கும் அண்ணப் பிளவு. குழந்தையிலேயே தைத்தாயிற்று, ஆனால் முன் ஈறில் எலும்பு இல்லை, அதன் பின்னால் ஒரு ஓட்டை நின்றுவிட்டது. முதலில் கம்பி போட்டு மேல்தாடையை விரிக்க வேண்டும், பிறகு இடுப்பெலும்பில் கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் வைக்க வேண்டும். எல்லாம் கோரைப்பல் இறங்குவதற்குள் முடிய வேண்டும், பதினொரு வயதானால் பிரயோசனம் குறைவு என்று பல் டாக்டர் எழுதியிருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் கம்பிக்கு மூன்று வருஷம் வரிசை. தனியாரிடம் போட்டால் இரண்டாயிரத்து நானூறு வெள்ளி செலவு.

மனு வந்தால் யாராவது போய் வீட்டைப் பார்த்து வர வேண்டும் என்பது கமிட்டியின் வழக்கம். வீரசிங்கம் கிள்ளானுக்குப் போய், அங்கிருந்து பஸ் மாறி மேருவில் இறங்கினார். கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதைப் பக்கிரிசாமியின் மனைவியிடம் நீட்டினார். அவள் படித்துப் படித்துப் பதில் சொன்னாள், அவர் குறித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்று அவளுக்குத் தோன்றியிருக்கும், தோன்றட்டும். டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"நம்ம வீட்டு டீ இறங்காதாங்க சார்?" என்றாள். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

அவர் கண் அவளைத் தாண்டிப் போனது. மூலையில் அந்தப் பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மூக்கை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, டீயைத் துளித்துளியாகக் குடித்துக்கொண்டிருந்தது. அதை அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் தனியாக இருக்கும்போதுகூட அவர் குடிப்பது அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தலைவர் கனகசபை டாக்டரின் கடிதத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு மேசையில் போட்டார். கெட்ட மனுஷன் இல்லை. வீரசிங்கத்தைப் போல யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை செய்தவர், சட்டம் என்றால் சட்டம்தான்.

"பல்லுக்குக் கம்பி போடுறதெல்லாம் முக அழகுக்கு, வடிவுக்குச் செய்யிறது. வடிவுக்குச் செய்யிறதுக்கு நிதி இல்லையெண்டு எங்கட சட்டத்திலயே கிடக்கு. வீரசிங்கம், நிராகரிச்சதா எழுதும்."

வீரசிங்கம் எழுதவில்லை. "இது வடிவுக்கு இல்லை" என்றார்.

பதினோரு வருஷத்தில் அந்த அறையில் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. யாருக்கும் விளங்கவில்லை.

"என்ன சொல்லுறீர்?" என்றார் கனகசபை.

திருப்பிச் சொன்னார். கனகசபை பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவர் உதட்டைப் பிதுக்கினார். யாரோ தொண்டையைச் செருமினார்கள். எழுதிக் காட்டியிருக்கலாம். ஆனால் எழுத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று ஒதுக்கிவிடலாம் என்பது பதினோரு வருஷம் மினிட்ஸ் எழுதியவருக்குத் தெரியாதா? வீரசிங்கம் பேனாவை மூடி வைத்தார். எதிரில் ஆறிக்கிடந்த டீயை எடுத்தார். மூக்கைப் பிடிக்கவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, எல்லோரும் குடிப்பது போல மடமடவென்று குடித்தார்.

டீ மூக்கிலிருந்து கொட்டியது. மீசை நனைந்து, வெள்ளைச் சட்டையில் வழிந்து, மினிட்ஸ் புத்தகத்தில் சொட்டியது. அவர் துடைக்கவில்லை. இருமிக்கொண்டே விரலால் தன் வாயைக் காட்டினார், பிறகு அந்த மனுவைக் காட்டினார்.

ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் வடைத் தட்டைப் பார்த்தார்கள். கடைசியில் கனகசபைதான், "குடுக்கிறம் எண்டு எழுதும்" என்றார், மெதுவாக.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது எப்போதும் அவர் தோளில் தட்டிவிட்டுப் போகிற கனகசபை அன்றைக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டார். வீரசிங்கம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுதார். பிள்ளைக்குப் பணம் கிடைத்த சந்தோஷமும் இருந்தது, ஐம்பத்தெட்டு வருஷமாகக் கட்டிக்காத்த மானம் ஒரு கப் டீயில் போன வலியும் இருந்தது. ரேடியோவைக்கூட அன்று போடவில்லை.

முடிவைத் தபாலில் அனுப்பினால் போதும். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை மேரு பஸ்ஸில் ஏறிவிட்டார். ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பக்கிரிசாமியின் மனைவி வாசலுக்கு வந்தாள். இந்தத் தடவை அவர் தாளை நீட்டவில்லை.

"காசு கிடைச்சிட்டுது. புதன்கிழமை பல் டாக்டரிட்டப் போகவேணும்" என்றார்.

"என்னங்க சார்?" என்றாள் அவள். ஒன்பது வருஷம் மகள் பேச்சைக் கேட்டுப் பழகியவள்தான், ஆனால் இவருடைய ஓட்டை பெரிது, யாழ்ப்பாணத் தமிழ் வேறு. வீரசிங்கத்தின் கை பேனாவைத் தேடிச் சட்டைப்பைக்குப் போனது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அதுவும் மூக்கு வழியாகத்தான் வந்தது. "பணம் கெடச்சிருச்சாம்மா. புதங்கெழம பல் டாக்டருகிட்ட போகணுமாம்."

அவர் கை பையிலேயே நின்றுவிட்டது. பிறந்த நாளிலிருந்து அவர் சொன்னதை ஒருவர் முதல் தடவையிலேயே விளங்கிக்கொண்டது இன்றைக்குத்தான்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவருக்குச் சொல்ல வேறு விஷயம் இல்லை. ஆனாலும் உட்கார்ந்து பேசினார். பஸ்ஸில் நல்ல கூட்டம் என்றார். கிள்ளானில் மழை என்றார். தன் வீட்டில் ஒரு பழைய ரேடியோ இருக்கிறது, சாயங்காலத்தில் கரகரக்கும் என்றார். ஒவ்வொன்றையும் சீதா அம்மாவுக்கு எடுத்துச் சொன்னாள். அவர் திரும்பிப் போக வேண்டிய நாலரை மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.