எழுகிறவன் அணைக்க வேண்டும்

விடியற்காலையில் இறால் பண்ணைக் குளத்தில் இறங்கினால் குளிருக்கு முன்னால் உப்புதான் கடிக்கும். கால் விரல் இடுக்கு, முழங்காலில் முந்தாநாள் விழுந்த கீறல், வெளியே சொல்ல முடியாத இடங்கள் என்று ஒன்றையும் விடாது. சுதாகரன் இடுப்பளவு தண்ணீரில் கேபிளைத் தோளில் சுமந்து நின்றான். அவனுக்கு முன்னால் பாக்கர் பாய், பின்னால் ராக்கு. காலுக்கடியில் சேறு ஆளை இழுத்தது. உச்சிப்புளிக்குக் கிழக்கே வானம் புது மீனின் செவுளாகச் சிவந்துகொண்டிருந்தது.

தண்ணீரை அடித்து இறாலுக்கு மூச்சுக் கொடுக்கும் சக்கரங்கள் நின்றுபோயிருந்தன. உப்பு கேபிள் இணைப்பைத் தின்றுவிட்டது. பச்சை பூத்த செம்புக் கம்பியைப் பாய் கத்தியால் சுரண்டினார்.

"ஏலே, இறாலு மேல வருது பாரு. கைய ஓட்டுங்க," என்று கரையிலிருந்து குரல் வந்தது. கான்ட்ராக்டர் பூமிநாதன் பைக்கில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். லைசென்ஸ் அவன் பேரில் இருந்தது. வேலை இவர்கள் கையில் இருந்தது.

"நீங்களும் எறங்குனா இன்னும் வெரசா ஓடும் மொதலாளி," என்றாள் ராக்கு.

"எனக்கு முட்டி வலி."

"எங்களுக்கு முட்டியே கெடையாது. அதான் வலிக்கல."

பாய் சிரிக்காமல் கையை நீட்டினார். "இணைப்புக்குத் தண்ணி பூராத பெட்டி கேட்டேனே மொதலாளி?"

பூமிநாதன் ஒரு டேப் சுருளைத் தூக்கிப் போட்டான். "இத வச்சுச் சுத்து."

"இது பொழுது சாயுற வரைக்கும் தாங்காது."

"பொழுதுக்கு மறுபடி வந்து சுத்து. அதுக்குத்தான கூலி?"

டேப்பைச் சுற்றினார்கள். சுதாகரன் கரையேறிச் சுவிட்சுப் பெட்டியில் ஓட்டிப் பார்த்தான். சக்கரங்கள் முனகி, பின் தண்ணீரை அறைந்தன. மறுபடி நிறுத்தி, சரிபார்த்து, ஓட்டிவிட்டு வந்தான். இந்த மூவருக்குள் ஒரு சட்டம் உண்டு. வேலை முடியுமுன் இடத்தை விட்டு எழுகிறவன் பக்கத்திலுள்ள சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எழ வேண்டும். பீடிக்கு எழுந்தாலும் சரி, ஒன்றுக்குப் போக எழுந்தாலும் சரி. பாய் கொண்டுவந்த சட்டம் அது. கத்தாரில் அவரோடு வேலை பார்த்த ஒருவன் டீ குடிக்க எழுந்தான். போட்டதைப் போட்டபடி விட்டுப் போனான். அடுத்து அங்கே வந்து உட்கார்ந்தவன் எழவே இல்லை. அன்றிலிருந்து பாயின் கை அவரைக் கேட்பதில்லை. உடம்பு எழுந்தால் இடது கை சுவிட்சைத் தேடும். இத்தனை வருடம் உப்புத் தண்ணீரில் நின்றும் மூவரும் உயிரோடு இருப்பதற்கு வேறு காரணம் இல்லை.

"நாங்க கெளம்புறோம் மொதலாளி. இன்னைக்கு வயர்மேன் பரீட்சை," என்றான் சுதாகரன்.

"போங்க போங்க. இந்தத் தடவ பேப்பர் இல்லையாம்ல, கம்ப்யூட்டராம்ல." பூமிநாதன் மீதி டீயை மணலில் கொட்டினான். "பாசானவனுக்கு வயர்மேன் கூலி. பெயிலானவனுக்கு வர்ற மாசத்துலருந்து ஹெல்பர் கூலி. நாஞ் சொல்லல, சட்டம் சொல்லுது."

அவன் முகத்தில் கவலை இல்லை. யார் பெயிலானாலும் அதே ஆள் அதே குளத்தில் அதே வேலையைப் பாதிக் கூலிக்குச் செய்வான். கம்ப்யூட்டர் வந்ததில் அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

சுதாகரனுக்குக் கூலி மட்டும் கணக்கில்லை. மண்டபம் முகாமில் பிறந்தவன். அவனிடம் உள்ள ஒவ்வொரு அட்டையிலும் எங்காவது ஒரு மூலையில் அகதி என்று இருக்கும். இந்தத் தேர்வில் தேறினால் வரும் அட்டையில் அவன் பெயர் இருக்கும், தொழில் இருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு அட்டைக்காக அவன் மூன்று மாதமாகச் சினேகிதனின் போனில் கேள்வி பதில் படித்தான். அம்மா பத்மாவதி அதைப் பார்த்து, "என்ன மோனே, கலெக்டராகப் போறியோ?" என்று கேலி செய்தாள். கேலி செய்துவிட்டு விளக்கைக் கொஞ்சம் அவன் பக்கம் நகர்த்தியும் வைத்தாள்.

தேர்வு ராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில். பஸ்ஸில் போகும்போது கையில் காய்ந்த உப்பு வெள்ளையாகப் பொரிந்தது. வாசலில் விரல் ரேகை எடுக்கும் கருவி ராக்குவின் கட்டைவிரலை ஏற்கவில்லை. திரும்பத் திரும்ப வைத்தாள்.

"உப்பு தின்ன வெரலு தாயி. எனக்கே அடையாளம் தெரியாது," என்று கருவியை வைத்திருந்த பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்ட பிறகுதான் கருவி சம்மதித்தது.

உள்ளே போனதும் சுதாகரன் சுவரைப் பார்த்தான். அந்தச் சுவரைத் துளைத்தது அவன். போன மழைக்காலத்தில் பூமிநாதன் எடுத்த வேலை இது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனிச் சுவிட்சு வேண்டும் என்று மூவரும் சொன்னார்கள். வரிசைக்கு ஒன்று போதும், வயரு என்ன மரத்துலயா காய்க்குது என்றான் பூமிநாதன். வரிசையின் கடைசியில், சுவரோரமாக, ஆறு கம்ப்யூட்டருக்கும் ஒரே சுவிட்சு. அந்தக் கடைசி இருக்கையில்தான் பாக்கர் பாயை உட்கார வைத்தார்கள். அடுத்து ராக்கு, சுதாகரன். அதற்கப்பால் கடலாடிப் பக்கத்திலிருந்து வந்த மூவர்.

பெல் அடித்தது. திரையில் நேரம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. கேள்விகளை யாரோ இங்கிலீஷிலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு மாற்றியிருந்தார்கள். உயிருள்ள கம்பி பூமியைத் தொட்டால் என்ன நேரும் என்று ஒன்று கேட்டது. பேஸ், எர்த் என்று கேட்டிருந்தால் கடலாடியில் ஆடு மேய்க்கிறவனும் சொல்லிவிடுவான். சுதாகரன் இங்கிலீஷையும் தமிழையும் சேர்த்துப் படித்து ஒவ்வொன்றாக அடித்தான். போனில் படித்தது கைகொடுத்தது. கடைசிப் பக்கம் வந்துவிட்டான்.

பாக்கர் பாய் மவுஸைத் திருப்புளி பிடிப்பதுபோல் இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் போனில் பொத்தான்கள் உண்டு, திரையைத் தொட்டு அவருக்குப் பழக்கமில்லை. அம்புக்குறி திரையின் ஓரத்துக்குப் போய் ஒளிந்துகொண்டது. தேடினார். வரவில்லை. கையைத் தூக்கினார். மேற்பார்வையாளர் எதிர் மூலையில் போனில் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று பாய் எழுந்தார்.

இடது கை சுவருக்குப் போனது.

டக்.

ஆறு திரையும் ஒன்றாக இருண்டன.

பாய் தன் கையைப் பார்த்தபடி நின்றார். "யா அல்லா," என்றார், யாருக்கும் கேட்காத குரலில். உடனே மறுபடி போட்டார். கம்ப்யூட்டர்கள் உயிர்பெற்றன. ஆனால் பதிவு எண்ணைத் தட்டினால், தேர்வு முடிந்துவிட்டது என்று எழுதிக் காட்டியது. அடித்த விடைகள் எங்கே போயின என்று மேற்பார்வையாளருக்கும் தெரியவில்லை. மேலிடத்துக்குப் போன் போட்டார். எதிர்முனையில் பாட்டு ஓடியது.

மற்ற வரிசைக்காரர்கள் முடித்துவிட்டுப் போனார்கள். இந்த வரிசை மட்டும் உட்கார்ந்திருந்தது. கடலாடிக்காரர்களில் மூத்தவன் கருமலையான் மேசையைக் குத்தினான்.

"யோவ் பாய், ஒமக்குக் கையில என்ன பேயா? ஒருநாக் கூலிய விட்டுட்டு வந்துருக்கேன்யா."

பாய் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர் வெள்ளைத் தாள்களோடு வந்தார். "பேசிட்டேன். இவர் வேணும்னே கரண்டை நிறுத்தித் தேர்வைக் கெடுத்தாருன்னு நீங்க அஞ்சு பேரும் எழுதிக் கொடுத்தா, உங்களுக்கு வேற தேதி வாங்கலாம்."

"பாய்க்கு?" என்றாள் ராக்கு.

"அவர் இனிமே எழுத முடியாது."

கருமலையான் பேனாவை எடுத்துவிட்டான்.

"எழுதுங்கப்பா," என்றார் பாய். "கை செஞ்சது செஞ்சதுதான். சின்னப் புள்ளைக, நீங்க பொழைக்கணும். சுதாகரன், எழுது வாப்பா."

சுதாகரன் தாளைப் பார்த்தான். நாலு வரி எழுதினால் போதும். அட்டை வந்துவிடும். அகதி என்று எழுதாத அட்டை. அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாளை இறால் குளத்தில் இறங்கினால் முன்னால் பாய் இருக்க மாட்டார்; வேணுமென்றே கரண்டை நிறுத்தியவர் என்று எழுதிய ஆளை எவனும் வேலைக்கு வைக்க மாட்டான். எழுகிறபோது அணைக்கிற கை இருக்காது. தாளைத் திருப்பி வைத்தான்.

"சார், ஒரு ஆளு ஒரு சுவிட்ச அணைச்சா ஒரு மெஷினுதான அணையணும்? ஆறும் ஏன் அணைஞ்சுச்சு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். நாந்தான் போட்டேன்."

"என்னலே இன்னும் உக்காந்துருக்கீக?" வாசலில் பூமிநாதன் நின்றான். கல்லூரி ஆபீஸிலிருந்து போன் போயிருக்க வேண்டும். முட்டி வலி இல்லாமல் மாடியேறி வந்திருந்தான். "எழுதிக் குடுத்துட்டு வெளிய வாங்க. பண்ணையில வேல கெடக்கு."

"மொதலாளி, வரிசைக்கு ஒரு சுவிட்சு போதும்னு சொன்னது நீங்க. அதையும் சேத்து எழுதட்டுமா?"

பூமிநாதன் மேற்பார்வையாளரைப் பார்த்துச் சிரித்தான். பிறகு சுதாகரனின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அகதிப் பயலுக்கு வாய் நீளுது. முகாம் ஆபீசுக்கு ஒரு போன் போடட்டுமா?"

 அந்தப் போனுக்கு என்ன பொருள் என்று சுதாகரனுக்குத் தெரியும். விசாரணை, கையெழுத்து, வெளியே வேலைக்குப் போகத் தடை.

"போடுங்க," என்றான். "அப்படியே சத்தமாப் போடுங்க. இங்கன எல்லாருக்கும் கேக்கட்டும்."

கருமலையான் பேனாவை மூடினான். "ஒரே சுவிட்சா? யோவ், இத மொதல்லயே சொல்ல மாட்டீகளா?" பாயைப் பார்த்தான். "நாங்களும் எங்க பக்கம் மெயினை அணைக்காம எந்திரிக்க மாட்டோம்யா. ஒம்ம எடத்துல நான் உக்காந்திருந்தா நானும் அணைச்சிருப்பேன்."

"கூட்டம் போடுறீகளா?" என்றான் பூமிநாதன்.

"போட்டாச்சு," என்றாள் ராக்கு. "சாரு, நீங்க எழுதுங்க. ஆறு பேருக்கும் மறு தேதி, பாய்க்கும் சேத்து. அதுக்கு முந்திப் பழகிப் பாக்க ஒரு மெஷினு. வேணுங்கிறவுகளுக்குப் பேப்பரு. எழுதி அனுப்புற வரைக்கும் நாங்க இந்தப் பெஞ்ச விட்டு நகரல."

"எனக்கு அதுக்கெல்லாம் அதிகாரம் இல்லம்மா."

"இருக்கிறவுகள வரச் சொல்லுங்க. எங்களுக்கு அவசரமில்ல."

அடுத்த பிரிவில் தேர்வெழுத வந்தவர்கள் கதவில் வந்து மொய்த்தார்கள். கருமலையான் அவர்களுக்கு நடந்ததைச் சொன்னான். ஒரே சுவிட்சு என்றதும் அவர்கள் சுவரைப் பார்த்தார்கள், பிறகு பூமிநாதனைப் பார்த்தார்கள். எல்லோரும் கம்பி இழுத்துப் பிழைக்கிறவர்கள். விளக்கம் தேவைப்படவில்லை. முன்னால் நின்ற ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தான். பின்னாலிருந்தவர்களும் வந்தார்கள்.

பூமிநாதனின் போன் அலறியது. பண்ணைக் காவல்காரனின் குரல் வெளியே தெறித்தது. சக்கரம் மறுபடியும் நின்றுவிட்டது.

"டேப்பு," என்றாள் ராக்கு.

"எந்திரிங்க," என்றான் பூமிநாதன். இப்போது பேச்சில் அந்த 'லே' இல்லை. "பொழுது சாயுறதுக்குள்ள ஓடலைன்னா குளம் போச்சு. மொதல்ல அத முடிச்சிருவோம். மத்தத நான் பேசி வாங்கித் தாரேன்."

"மொதல்ல வாங்கித் தாங்க," என்றான் சுதாகரன்.

யாரும் அசையவில்லை. ஆனால் பாக்கர் பாய்க்கு மனசு கேட்கவில்லை. மூச்சு முட்டும் ஒரு குளத்தை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. "பாவம்ப்பா, வாயில்லாச் சீவன்," என்று மேசையை ஊன்றினார். உடம்பு பாதி எழுந்தது. இடது கை தானாகச் சுவருக்குப் போனது.

ராக்கு அந்த மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காருங்க பாய். எந்திரிச்சாத்தான அணைக்கணும்?"

பாய் கையைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்திருந்த முகம் தெரியாத அத்தனை பேரையும் பார்த்தார். மெல்ல உட்கார்ந்தார். பூமிநாதனின் போன் மறுபடி அலறத் தொடங்கியது. சுவிட்சு போட்டபடி இருந்தது. ஆறு திரைகளும் எரிந்துகொண்டிருந்தன.