பேச்சுக் கொடுங்க மாப்ள

மாமனார் பேசி முடித்ததும் கூட்ட அறையில் இருந்த ஏழு பேரும் கைதட்டினார்கள். மருமகனும் தட்டினான். தட்டாமல் உட்கார்ந்திருந்தால் நன்றாக இருக்காது.

முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கம்பெனியில் மாமனார் வடிவமைத்த ஃபிலிம் கேமராவை டிஜிட்டலாக மறுபடி கொண்டுவரலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டம் அது. ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. கண்ணை வைத்துப் பார்த்தால் நட்டநடுவில் ஒரு சின்னச் சதுரம். அதற்குள் எதிரே இருப்பவர் இரண்டாகத் தெரிவார். லென்ஸ் வளையத்தைத் திருகி இரண்டு உருவத்தையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினால் படம் பளிச்சென்று விழும். பொருத்தாவிட்டால் கலங்கிவிடும். புதியதிலும் அதே சதுரம், அதே வளையம். ஃபிலிம் இருந்த இடத்தில் சென்சார் வரும், அவ்வளவுதான் மாற்றம்.

"எல்லாத்தையும் கேமராவே பாத்துக்கும்னா நீங்க எதுக்குங்க? கேமராவைத் தனியா ஊர் சுத்த அனுப்பிட்டு வீட்ல படுத்துத் தூங்குங்க" என்று மாமனார் சொன்னபோது கம்பெனித் தலைவியம்மாவே கண்ணில் நீர் வரச் சிரித்தார். இந்த அறையில் அவர் சிரித்து மருமகன் பார்த்ததே இல்லை.

அவனால் சிரிக்க முடியவில்லை. ஆளின் முகத்தைத் தானாகவே தேடிப் பிடிக்கும் சின்ன கேமரா ஒன்றை மூன்று வருஷமாக அவனுடைய குழு செய்துகொண்டிருந்தது. இந்த வருஷம் இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுமதி. கீழ்த்தளத்தில் ஒன்பது பேர் கையைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார்கள். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கல்யாணமான இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமனார் அவனை அறிமுகப்படுத்துகிற விதம். "நம்ம மாப்ளயும் கேமரா கம்பெனிலதான் இருக்கார். கேமரா பண்றவர் இல்ல, கேமராவைப் பத்திப் பேசறவர்." வந்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். தாடை வலிக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் அவன் மனைவி கண் டாக்டரிடமிருந்து அப்பாவைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, சமையலறையில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள். "ரெண்டு கண்லயும் நடுப்பகுதி செத்துக்கிட்டே வருதாம். ஓரம் மட்டும்தான் தெரியுது. எதிர்ல வர்ற ஆளோட மூஞ்சி தெரியலங்க அப்பாவுக்கு, குரலை வெச்சுதான் கண்டுபிடிக்கறார். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் தலையில கைவெச்சு சத்தியம் வாங்கிக்கிட்டார். உங்ககிட்டகூட சொல்லாம நான் எங்க போவேன்?"

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்" என்றான் அவன். சொல்லவும் இல்லை. இப்போதும் சொல்லப் போவதில்லை.

"மாமா, ஒரு படம் எடுத்தே காட்டிடுங்களேன். என்னையே எடுங்க" என்றான்.

மாமனார் தலையை லேசாகச் சாய்த்து ஓரக்கண்ணால் அவன் பக்கம் திரும்பினார். கொஞ்ச நாளாக அப்படித்தான் பார்க்கிறார். "எடுத்துட்டாப் போச்சு" என்றார்.

டிஜிட்டல் மாதிரி கேமராவை அவன்தான் எடுத்துக் கொடுத்தான். கொடுக்கும் முன் லென்ஸை முழுசாகத் திறந்துவைத்தான். அப்படித் திறந்துவிட்டால் தூரத்தைக் குத்துமதிப்பாக வைத்துச் சமாளிக்க முடியாது; ஒரு சாண் தப்பினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மேசையின் மறுகோடிக்குப் போய்ச் சுவரை விட்டு நாலைந்து அடி தள்ளி நின்றான்.

கேமரா மாமனாரின் கண்ணுக்குப் போனது. விரல் வளையத்தைத் தடவியது. வலப்பக்கம் கொஞ்சம், இடப்பக்கம் கொஞ்சம்.

"பேச்சுக் கொடுங்க மாப்ள" என்றார். "சும்மா எதையாவது பேசிக்கிட்டே இருங்க."

மற்றவர்கள் அதை ஒரு கலைஞனின் பழக்கம் என்று நினைத்துப் புன்னகைத்தார்கள். அவனுக்குப் புரிந்தது. கிழவர் அவன் குரலை வைத்துத் தூரத்தை அளக்கப் பார்க்கிறார். அவன் உதட்டைச் சேர்த்து மூடிக்கொண்டான். மூச்சைக்கூட மெல்ல விட்டான்.

"மாப்ள?"

ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மாமனாரின் மேலுதட்டில் வேர்வை பூத்தது. கிளிக்.

அடுத்த நொடி படம் ப்ரொஜெக்டர் வழியாக எதிர்ச்சுவரில் ஆள் உயரத்துக்கு விழுந்தது. மருமகனின் முகம் இருந்த இடத்தில் தண்ணீரில் கரைந்த மாதிரி ஒரு பழுப்புத் திட்டு. அவன் முதுகுக்குப் பின்னால் மாட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்போ எழுத்தெழுத்தாகப் படிக்கும்படி இருந்தது.

"எப்படி வந்திருக்கு?" என்று மாமனார் சுவரைப் பார்த்துக் கேட்டார். சிரித்த முகம்.

தலைவியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நல்லா வந்திருக்கு சார்."

மாமனாரைத் தேநீர் குடிக்க வெளியே அனுப்பிவிட்டு, "அதை வடிவமைச்சவராலயே முடியல. காசு குடுத்து வாங்குறவன் நம்மளக் கிழிச்சுத் தொங்க விட்ருவான்" என்று தலைவியம்மா ஃபைலை மூடினார். அது கேமராவின் தப்பில்லை என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். அந்த வரி மருமகனின் நாக்கு நுனிவரை வந்தது. தண்ணீரைக் குடித்து அதையும் சேர்த்து விழுங்கினான்.

திரும்பும்போது காரில் மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஒருத்தராவது எதிர்த்துப் பேசினாங்களா பாருங்க! பண்ணிடுவாங்க மாப்ள. எனக்கு அங்க ஒரு மேசையாவது போட்டுக் குடுப்பாங்க." கொஞ்ச தூரம் போனபிறகு குரல் இறங்கியது. "நான் பேசச் சொன்னேனே... ஏன் பேசல?"

"படத்துக்கு நிக்கறப்போ வாய் ஆடினா கெட்டுடுமே மாமா."

"அதுவும் சரிதான்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தலைவியம்மாகிட்ட படத்தைப் பொண்ணுக்கு அனுப்பச் சொல்லியிருக்கேன். அப்பவே அனுப்பிட்டாங்களாம்."

அவன் கால் தானாக பிரேக்கை அழுத்தியது. பின்னால் வந்த வண்டி ஹாரன் அடித்தது.

வீட்டு வாசலில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஃபோன். மாமனார் படியைக் காலால் துழாவி ஏறிக்கொண்டே, "பாத்தியாம்மா? என்னையே எடுங்கன்னு மாப்ளதான் கேட்டார். எப்படி விழுந்திருக்கார்?" என்றார்.

அவள் ஒரு கையால் அப்பாவின் முழங்கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். தலை நிமிரவில்லை. அவரை நிலைப்படி தாண்ட வைத்த பிறகு, ஃபோன் திரைமேல் இரண்டு விரலை வைத்து விரித்தாள். கணவனின் முகம் பெரிதானது. இன்னும் விரித்தாள். கண்ணும் மூக்கும் வாயும் ஒன்றும் கிடைக்காத அந்தப் பழுப்பு, திரை முழுவதும் பரவும்வரை விரித்துக்கொண்டே போனாள்.