விலை ஓரம் வெட்டின அட்டை

என் வீட்டுக்காரர் தனகோடிக்கு ஒரு கொள்கை உண்டு. விலை கம்மின்னா வேலை செய்யாது. செருப்புலேர்ந்து சிமென்ட்டு வரைக்கும் இதே பாட்டுதான். "நாப்பது ரூபாய் செருப்பு நாலு நாள்ல அறுந்துச்சா இல்லியா? அப்ப மாத்திரை மட்டும் எப்படிடி கேக்கும்?" இந்த மனுசனோட இருபத்திரெண்டு வருசம் குப்பை கொட்டியிருக்கேன், எனக்கு ஒரு மெடல் குடுக்கணும்.

பங்குனி மாசம் உப்பளத்துல உப்பு வாரும்போது சிப்பி ஒண்ணு அவர் உள்ளங்காலைக் கிழிச்சிடுச்சு. உப்புத்தண்ணி பட்டா ஆறிடும்னு அதோடவே பாத்தியில நின்னாரு. நாலாம் நாள் கால் பூசணிக்கா மாதிரி வீங்கி, சீழ் கட்டிடுச்சு. மேஸ்திரி காசிலிங்கம் வந்து பாத்துட்டு, "அடுத்த வாரத்துக்குள்ள வரலைன்னா வேற ஆளைப் போட்டுடுவேன் திரௌபதி, தப்பா நெனைக்காத"ன்னுட்டாரு. மழைக்கு முன்னாடி வாரினாத்தான் உப்பு, வாரினாத்தான் கூலி. அந்தப் பாத்தி போனா அந்த வருசமே போச்சு.

பிரைவேட் டாக்டர்கிட்ட போனோம். ஆறு நாளைக்கு, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, பன்னெண்டு மாத்திரை. "நல்லாயிடுச்சுன்னு நடுவுல நிறுத்தினா திரும்ப வரும், அப்புறம் காலுக்கே ஆபத்து"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. மெடிக்கல்ல கேட்டா எழுநூத்தி எண்பது ரூபாய். சீட்டை மடிச்சு இடுப்புல சொருகிக்கினு திரும்பி வந்துட்டேன்.

எங்க தெரு சூர்யகலா மக சங்கீதா திண்டிவனத்துல மலிவு விலை மருந்துக் கடையில வேலை செய்யுது. சீட்டைப் போட்டோ புடிச்சு அனுப்பினேன். உடனே போன் பண்ணிடுச்சு. "அத்தை, டாக்டர் எழுதியிருக்கிறது கம்பெனி பேரு. அட்டையில அதுதான் பெருசா இருக்கும். உள்ள இருக்கிற மருந்தோட பேரு பொடி எழுத்துல இருக்கும், அதான் முக்கியம். அதே மருந்து, அதே அளவு, எங்க கடையில நூத்திப்பத்து ரூபாய். டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

டாக்டரைக் கேட்டேன். "தாராளமா வாங்கும்மா"ன்னுட்டாரு. ஆனா எங்க வீட்டு டாக்டரை யாரு சமாளிக்கிறது? நூத்திப்பத்துன்னு சொன்னா அந்த மனுசன் தொடவே மாட்டாரு.

அதனால ஒரு வேலை பண்ணேன். திண்டிவனம் போய் வாங்கிட்டு, பஸ்ஸுலயே உக்காந்து, விலை அடிச்சிருந்த ஓரத்தைக் கத்தரிக்கோலால வெட்டி ஜன்னல் வழியா எறிஞ்சேன். வீட்டுல பழைய மெடிக்கல் கவர் ஒண்ணு இருந்துச்சு, அதுல போட்டு நீட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, நம்பர்தான் தெரியும். அந்த நம்பர்தான் பஸ்ஸு ஜன்னலோட போயிடுச்சே!

"எழுநூத்தி எண்பது. என் மூக்குத்தியை வச்சு வாங்கியாந்தேன்"னு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு சொன்னேன். மூக்குத்தியைக் கழட்டி முந்தானையில முடிஞ்சும் வச்சிருந்தேன். நடிப்புன்னா இப்படி இருக்கணும்.

அவரு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "பாத்தியா, மினுமினுப்பே வேற!"ன்னாரு. எனக்கு வந்த சிரிப்பை அடக்க அடுப்படிக்கு ஓடினேன்.

அந்த ஆறு நாளும் அவர் பாத்தியையும் சேத்து நானே வாரினேன். காலையில நாலு மணிக்குப் போனா, இடுப்பு ஒடிஞ்சுதான் வருவேன். வந்து "மாத்திரை போட்டியாய்யா?"ன்னு கேப்பேன். "போட்டேன், போட்டேன்"ம்பாரு. தெருவுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டு, "எழுநூத்தி எண்பது ரூபாய் மாத்திரை"ன்னு பெருமை வேற.

ஏழாம் நாள் கால்ல போட்டிருந்த துணிக்கட்டைப் பிரிச்சேன். வீக்கம் பாதிதான் இறங்கியிருந்துச்சு. சீழ் அப்படியே இருந்துச்சு.  ஐயோ, சிக்கனம் பாத்து இந்த மனுசன் காலையே போக்கிட்டேனா? அவரு சொன்னதுதான் சரியா?

நேரா சங்கீதாவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அது பொறுமையா கேட்டுட்டு, "அத்தை, மருந்துல ஒண்ணும் குறை இருக்காது. மாமா முழுசா போட்டாரான்னு பாருங்க, அட்டை எங்க?"ன்னுச்சு.

அட்டை எங்க? வீடு பூரா தேடினேன். கடைசியில ஆணியில தொங்குற மஞ்சப்பையில கைய விட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், அதுக்கு நடுவுல துணியில சுத்தி, சொத்துப் பத்திரம் மாதிரி பத்திரமா ஆறு மாத்திரை!

"யோவ்! என்னாய்யா இது?"

தலையைக் குனிஞ்சுக்கினாரு. "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்னு சொல்லுவாங்கல்ல. காலையில மட்டும் போட்டேன். ராத்திரிது எடுத்து வச்சேன்."

"யாருக்கு? உங்க அக்காவுக்கு சீர் செய்யவா?"

"உனக்குத்தான்டி." குரல் தேய்ஞ்சு போச்சு. "என் பாத்தியும் நீதான வார்ற. குதிகால் வெடிப்புல ரத்தம் வருது, நான் பாக்கலைன்னு நெனச்சியா? உனக்கும் இதே மாதிரி சீழ் புடிச்சா? வைக்கிறதுக்கு மூக்குத்தி கூட இல்ல. எழுநூத்தி எண்பதுக்கு நான் எங்கடி போவேன்?"

எனக்குக் கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு. முந்தானை முடிச்சை அவுத்து மூக்குத்தியை அவர் முன்னாடி வச்சேன்.

"அது நூத்திப்பத்து ரூபாய் மாத்திரைய்யா. சொன்னா போட மாட்டியேன்னு பொய் சொன்னேன்."

மூக்குத்தியைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு.

"நூத்திப்பத்தா? அடிப்பாவி! மொதல்லயே சொல்லியிருந்தா பன்னெண்டையும் முழுங்கியிருப்பேனேடி!"

மறுநாள் டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப் போட்டுட்டு, எங்க ரெண்டு பேரையும் சேத்து வச்சுத் திட்டினாரு. மறுபடியும் பன்னெண்டு, மொதல்லேர்ந்து. காசிலிங்கத்து கால்ல விழாத குறையா இன்னொரு வாரம் தவணை வாங்கினேன். இந்தத் தடவ விலை ஓரத்தை வெட்டல. காலையும் ராத்திரியும் என் முன்னாடி முழுங்கிட்டு, நாக்கை நீட்டிக் காட்டணும். காட்டினாரு.

எட்டாம் நாள் ரெண்டு பேருமா பாத்திக்குப் போனோம். கால் எப்படி இருக்குன்னு காசிலிங்கம் கேட்டாரு.

"எழுநூத்தி எண்பது ரூபாய் மாத்திரைண்ணே, சும்மாவா?"ன்னாரு என் வீட்டுக்காரர்.

 காலி அட்டை என் முந்தானையிலதான் இருந்துச்சு. பன்னெண்டு குழியையும் விரல் விட்டுப் பாத்துட்டுத்தான் கெளம்பியிருந்தேன்.