கிரேன் அறையில் ஒரு கவளம்

மனைவி கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டு டப்பா தினமும் கிரேன்காரரோடு ஏணி ஏறி உச்சிக்குப் போகும். சாயங்காலம் திறக்கப்படாமலே இறங்கி, வாசல் காவலாளியின் வயிற்றுக்குள் காலியாகி, வீடு திரும்பும். காலி டப்பாவைக் கழுவும்போது அவள் முகம் மலரும். அதைப் பார்க்கத்தான் அவருக்குக் கூசும்.

வேலை நேரத்தில் சாப்பிட்டால் கண் மந்தமாகும், கை ஏமாற்றிவிடும் என்பது அவருடைய உறுதி. முன்பு வேறொரு கட்டடத்தில், மதியம் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏறி அவர் தூக்கிய இரும்புக் கட்டு ஊசலாடி, கீழே சைகை காட்டிக்கொண்டிருந்த மச்சானின் இரண்டு விரல்களைக் கொண்டுபோய்விட்டது. மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். காற்று திடீரென்று திரும்பியதுதான் காரணம் என்று விசாரணையில் சொன்னார்கள். கிரேன்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்; நம்பவில்லை. அன்று கேன்டீனில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவருக்கல்லவா தெரியும்!

அதிலிருந்து காலையில் ஒரு தேநீர், இருட்டிய பிறகு சாப்பாடு. கொஞ்ச நாளாக மதியத்துக்கு மேல் கை நடுங்க ஆரம்பித்தது. முந்தின ராத்திரி அதிகம் தின்றதன் பலன் என்று நினைத்து, அதையும் பாதியாகக் குறைத்தார். நடுக்கம் கூடியது.

அன்று கண்ணாடிப் பலகைகள் ஏறவேண்டிய நாள். உச்சியிலிருந்து பார்த்தால் ஆட்கள் எறும்புதான். இங்கேயும் கீழே நின்று சைகை காட்டுபவர் மச்சான்தான்; அவர் கையும், வாக்கி-டாக்கியில் வரும் அவர் குரலுமே கிரேன்காரருக்குக் கண். பலகைக் கட்டு ஆள் உயரம் எழும்பியதும் ஒரு பக்கமாகத் துள்ளியது. காற்று என்று பேருக்குக்கூட இல்லை. மச்சான் நிறுத்தச் சொல்லி, பலகைகளைத் திரும்பத் தரையில் வைக்கச் செய்தார்.

"மாப்ளே, கை நடுங்குதா?"

"இல்லையே."

"எங்கிட்டயே கதை விடாத. என்ன சாப்பிட்ட?"

கிரேன்காரர் துண்டு துண்டாக எல்லாவற்றையும் சொன்னார்: கேன்டீன், இரண்டாம் தரம், விரல்கள், காவலாளி. அதே அலைவரிசையில் மற்றவர்களும் கேட்பார்கள் என்பது அவருக்கு நினைவில்லை. மாடியில் கண்ணாடி பொருத்துபவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"என் விரலக் கொண்டுபோய் உன் சாப்பாட்டு டப்பாவுக்குள்ள வச்சிருக்கியா?" மச்சான் கேட்டார். "போனது என் விரலு. நானே மூணு வேளையும் திங்கிறேன். நீ யாரு பட்டினி கிடக்க? சாப்பிடு. அதுவரைக்கும் கை காட்டமாட்டேன்."

வேலையைத் தொடரச் சொல்லி மேஸ்திரி கத்தினார். மச்சான் இரண்டு கைகளையும் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். கீழிருந்து சைகை வராமல் கிரேன் கொக்கி அசையக்கூடாது என்பது விதி. மேஸ்திரியாலும் அதை மீற முடியாது.

கிரேன்காரர் டப்பாவைத் திறந்தார். முதல் கவளத்தைத் தண்ணீர் விட்டு இறக்கினார். பாதி டப்பா தீர்ந்ததும், கதவு தட்டப்போகிற போலீசுக்குக் காத்திருப்பவர் மாதிரி தூக்கத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. காது மடல் சூடாயிற்று. விரல்கள் மெல்ல அடங்கின.

"ஆச்சு," என்றார்.

"கண்ணாடி அப்புறம். வெறும் கொக்கிய என் கைக்குக் கொண்டா."

மற்றவர்களை விலகச் சொல்லிவிட்டு, மூன்று விரல் மிஞ்சிய கையை மச்சான் தலைக்கு மேலே நீட்டினார். கிரேன்காரர் கிரேனை இயக்கும் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தூக்கம் வருதா?"

"பயம் வருது மச்சான்."

"எனக்கும்தான் வருது. இறக்கு."

கொக்கி இறங்கி, அந்த உள்ளங்கைக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றது. ஆடவில்லை. மேலே கிரேன்காரர் மிச்சச் சாப்பாட்டைப் பார்த்தார். மூடிவைக்க மனம் வரவில்லை, தின்னவும் துணியவில்லை.