மத்தியான ரீடிங்

பேருந்து நிலையத்து ஜூஸ் கடையில் பழம் உரிக்கிறவளுக்கு மின்னல் என்று பெயர் வைத்தவர் கடை முதலாளி. ஆரஞ்சை எடுத்தது தெரியும், தோல் விழுந்தது தெரியும், நடுவில் கத்தி என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பேர்ப்பட்ட கை மத்தியானம் இரண்டரை மணி ஆனால் கத்தியைக் கீழே வைத்துவிடும். ஏழு மாத வயிற்றோடு ஸ்டூலில் உட்கார்ந்து, ஸ்பிரிட் பஞ்சால் விரலைத் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைச் சர்க்கரை பார்க்கும் மிஷினுக்குக் கொடுப்பாள். காலையில் வீட்டில் வெறும் வயிற்றில் எண்பத்தெட்டு காட்டிய அதே மிஷின் இப்போது இருநூறைத் தாண்டி நிற்கும். கடைக்கு லீவே கிடையாது, அந்த இருநூறுக்கும் கிடையாது.

அவள் பயந்ததில் நியாயம் இருந்தது. மூத்தவன் பிறந்தபோது நாலரைக் கிலோ. ‘ராஜா மாதிரி இருக்கான்’ என்று சொந்தபந்தமெல்லாம் வாயெல்லாம் பல்லாக நின்றது. இரண்டே மணி நேரத்தில் ராஜாவுக்கு வலிப்பு வந்தது. தாயின் ரத்தத்திலிருந்த கூடுதல் சர்க்கரை பிள்ளைக்கும் போயிருக்கிறது. அதைச் சமாளிக்க அந்தப் பிஞ்சு உடம்பு இன்சுலினைச் சுரந்து தள்ளியிருக்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிட்டது, இன்சுலின் நிற்கவில்லை. பிள்ளையின் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய், ஐந்து நாள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். டெஸ்டுக்கு வரச் சொல்லியும் போகாமல் அசட்டையாக இருந்தது நான்தானே என்று அவள் மனசு இன்னும் ஆறவில்லை.

இந்தத் தடவை விடுவதாக இல்லை. மத்தியானச் சாப்பாட்டைப் பாதியாக்கினாள். எண் இறங்கவில்லை. கால்வாசியாக்கினாள். அசையக் காணோம். கடைசியில் நாலு துண்டு வெள்ளரிக்காயோடு வாயைக் கட்டிக்கொண்டாள்.

“இப்படிப் பட்டினி கெடந்தா எப்படி?” என்றான் வெல்டர் வேலை பார்க்கும் கணவன்.

“நீங்க சும்மா இருங்க. என்னால ஒருத்தன் பட்டது போதும்.”

அடுத்த ஸ்கேன் அவள் தலையில் கல்லைப் போட்டது. வளர வேண்டிய அளவுக்குக் குழந்தை வளரவில்லை. மறுநாள் கடையிலிருந்து ஈரக் கையோடு ஓடி, ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்க்கும் நர்ஸம்மா முன்னால் போய் நின்றாள். எப்போது சிரிப்பாள், எப்போது சீறுவாள் என்று சொல்ல முடியாத நர்ஸம்மா அவள். விரலைத் துடைத்துக் குத்தினாள். இருநூற்று நாலு.

“மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?”

“வெள்ளரிக்காம்மா.”

“பொய் சொல்லாதீங்க.”

“என் பிள்ள மேல சத்தியம்.”

நர்ஸம்மா விரலை விடவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். “என்ன வாசன இது?”

“ஆரஞ்சு. காலைலேருந்து அதத்தான உரிக்கிறேன்.”

நர்ஸம்மா முகம் போன போக்கே சரியில்லை. மின்னலைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டு நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, நன்றாகத் துடைத்து, வேறு விரலில் குத்தினாள். தொண்ணூற்றேழு.

“பழச்சாறு விரல்ல ஒட்டிக் கெடந்திருக்கு. மிஷின் அதையும் சேத்து அளந்திருக்கு. ஸ்பிரிட் போதும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அது போதாது. தப்பு என்னுது.” நர்ஸம்மாவுக்குக் குரல் இறங்கிவிட்டது. “உங்களுக்குச் சுகர் இருக்கறது நெசம்தான். ஆனா சாப்பாட்டுலயே அடங்கற சுகர். நீங்க பட்டினி கெடந்தா உள்ள இருக்கறதும் பட்டினிதான். ஒழுங்கா சாப்பிடுங்க.”

மின்னலுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை மத்தியானம் வயிறு காய்ந்தாள். பிறகு அளவு பார்த்து, ஆனால் வயிறாரச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் உள்ளே ஒரு உதை விழுந்தது.

பிறந்தது பெண். இரண்டு கிலோ எண்ணூறு. ‘எலிக்குஞ்சு மாதிரி இருக்கே’ என்று இழுத்த அதே சொந்தபந்தத்தைக் கணவன் வெளியே அனுப்பிவிட்டான். பால் கொடுப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வார்டு நர்ஸ் பிள்ளையின் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். முதல் தடவை சரியாக இருந்தது, இரண்டாவதும் சரி. மூன்றாவதையும் எழுதிவிட்டுப் பேனா மூடியைப் போட்டாள்.

“எப்ப எடுத்துட்டுப் போவீங்க?” என்று மின்னல் கேட்டாள். கை பிள்ளையை இறுக்கியிருந்தது.

“எங்க?”

“பெட்டிக்கு.”

“எதுக்கு? நல்லாத்தான இருக்கா.”

“அப்ப இங்கயே இருக்கலாமா?”

“பின்ன? உங்க பிள்ளய நாங்களா வச்சுக்கப் போறோம்?” என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

கணவன் ஏதோ சொல்ல வந்தான். மின்னலுக்கு அது காதில் விழவில்லை, வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். பிள்ளை தன் பாட்டுக்குப் பால் குடித்தது.