முன்பட்டைக்குப் புது புஷ்

"என் சர்டிபிகேட்டுங்களக் குடு நைனா."

கேட்கவே கூடாதென்று அம்மா சொல்லியிருந்ததை எப்சிபா கேட்டுவிட்டாள். வீட்டு வாசலில் ஜாக்கியில் ஏற்றிய ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த அப்பா ஞானசிங்கின் கை நின்றது. திங்கட்கிழமை அவள் சென்னைக் கார் கம்பெனியில் சேர வேண்டும். அவள் படித்து வாங்கிய மெக்கானிக்கல் பட்டத்தையோ அவர் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்.

"அவ்ளோ தூரம் தனியா போயி இன்னா பண்ணுவ?" என்றபடி, ஜீப்பின் பாரத்தைத் தாங்கும் வில்லான முன்பட்டையில் போட்ட புது ரப்பர் புஷ்ஷுக்குப் போல்ட்டை இறுக்கினார்.

"இதத்தான் பண்ணுவேன். சக்கரம் தொங்கிக்கினு இருக்கச் சொல்ல டைட் பண்ணா புஷ்ஷு முறுக்கிக்கும். அதான் மாசாமாசம் பிச்சிக்கினு போவுது. தள்ளு!"

போல்ட்டைத் தளர்த்தினாள். ஜாக்கியை இறக்கி, வண்டியின் பாரம் பட்டையில் உட்கார்ந்த பிறகு இறுக்கினாள்.

"இருவது வருசமா ஒருத்தனும் சொல்லலியே."

"சொன்னா மட்டும் நீ கேட்டுடுவ!"

சிரித்தவர், தோள் துண்டால் அவள் கன்னத்துக் கிரீஸை மெல்லத் துடைத்தார். பெட்டிச் சாவியை நீட்டினார்.

"கைய சோப்பு போட்டுக் கழுவிக்கினு எடு. கறை பட்டுடப் போவுது."

"நீ குடுக்கலன்னாலும் போயிருப்பேன் நைனா."

"தெரியும்மா."

நேற்றே கட்டிவைத்த பையைத் தூக்கிக்கொண்டு, சான்றிதழ்களோடு எப்சிபா சென்னைக்குப் போகச் சித்தூர் பஸ்ஸுக்கு நடந்தாள்.