பித்தளைக் கவை சொன்ன அளவு

போட்டிப் படகுகளின் பாய்மரங்களை அளந்து முத்திரை குத்தும் அளவுக் கூடத்துக்குக் கிளம்புமுன் பெரியவர் வழக்கம்போலப் பாய்மரத்தில் பித்தளைக் கவையை வைத்துப் பார்த்தார். 'ப' எழுத்தைப் போன்ற அந்தக் கவை அவருடைய அப்பா செய்தது. இரு கால்களுக்கு நடுவே அறுபது மில்லிமீட்டர். பாய்மரத்தின் அகலம் அதற்குக் குறையக் கூடாது என்பது அந்த வகைப் படகுகளுக்கான போட்டி விதி. ஆகவே கவை மரத்தில் இறுகி நிற்க வேண்டும். அன்று அது லொடலொடவென்று வழுக்கிக்கொண்டு ஓடியது.

மருமகளைக் கூப்பிட்டார். படகை ஓட்டப் போகிறவள் அவள்தான். விதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவள். காற்று மரத்தில் முட்டிப் படகைப் பின்னுக்கு இழுக்கிறது, அதைக் குறைத்தே ஆக வேண்டும் என்று இரண்டு மாதமாக ஒற்றைக் காலில் நின்றாள். வெளியே தொங்கிய கயிறுகளை மரத்துக்குள் ஓடவிட்டாள். ஆணித் தலைகளைப் பதித்து மேலே பட்டி பூசினாள். எல்லாம் விதி அனுமதித்தவைதான். மரத்தையும் தேய்த்தாயா என்று கேட்டபோது, சொரசொரப்புப் போக ஈர உப்புத்தாளால் இரண்டு நாள் தேய்த்ததாக ஒப்புக்கொண்டாள். மேல்தோல் மட்டும்தான் போகும் என்று நினைத்தாளாம்.

வேறொன்றால் அளந்து பார்க்கவும் வழியில்லை. இன்னொரு கருவி வாங்குவது அப்பாவைச் சந்தேகப்படுவதாகும் என்பது பெரியவரின் கட்சி. அவருடைய பட்டறையில் செய்த மரம் ஒன்றுகூட முப்பத்தொரு வருடத்தில் அளவு மேசையிலிருந்து திரும்பி வந்ததில்லை. திருப்பி அனுப்பப்படுவதைவிடத் தாமே விலகிக்கொள்வது மரியாதை என்று முடிவு செய்தார்.

"அளந்து பாக்கட்டும் மாமா. தப்புன்னா என் பேர்ல எழுதிக்கட்டும்."

"மரத்துல உன் பேரா குத்தியிருக்கு? பட்டறை பேருல்ல இருக்கு."

கூடத்தில் ஆளாளுக்கு மரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்து, மரம் இளைத்துவிட்டதே, வீட்டில் சோறு போடுவதில்லையா என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் பெரியவர் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று மரத்தைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னே நகர்ந்தார்.

முறை வந்தது. மரத்தை மேசையில் கிடத்திவிட்டு, முதுகை நிமிர்த்தி, அளவு பார்க்கும் அம்மாளிடம் சொன்னார்:

"நீங்க அளக்க வேண்டாம்மா. எங்க அளவுக்கே இது குறையுது. நாங்களா விலகிக்கிட்டோம்னு எழுதிக்கோங்க."

அளக்காமல் எதையும் எழுத முடியாது என்றார் அம்மாள். மூன்று இடங்களில் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தார்.

"குறையலையே. அறுபதுக்கு மேல அரை மில்லிமீட்டர் இருக்கு."

இன்னொரு முறை அளக்கச் சொன்னார் பெரியவர். மறுபடியும் அதேதான். அம்மாள் கவையை வாங்கி அதையும் அளந்தார். அறுபத்தொன்றரை காட்டியது. இதை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று விசாரித்தார். வருடா வருடம் உப்புத்தாள் போட்டு, உள்ளும் புறமும், முகம் தெரிகிற அளவுக்குத் தேய்ப்பதாகப் பெருமையோடு சொல்ல ஆரம்பித்த பெரியவருக்குப் பாதியிலேயே குரல் இறங்கிவிட்டது.

"உங்கப்பா சரியாத்தான் செஞ்சிருப்பாரு. நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு அகலமாக்கிட்டீங்க."

அப்பா தப்புச் செய்யவில்லை. மருமகளும் செய்யவில்லை. பெரியவருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பழி தம் தலையில்தான் விழுந்திருக்கிறது என்பதுகூட அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

மருமகள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப வருஷா வருஷம் இந்தக் கவையில இறுகணும்னு நாமதான் தடி மரத்தை வச்சுக்கிட்டுக் காத்தோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தோமா மாமா? நாம செஞ்சதுலயே ஒல்லியான மரம் இதுதானா?"

"மெதுவாப் பேசு. பக்கத்துல ஆளு நிக்குது."

அம்மாள் மரத்தில் முத்திரை குத்தினார். கவை விஷயத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டுமா என்று பெரியவர் தணிந்த குரலில் கேட்டார். படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது என்றார் அவர். பெரியவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மருமகளுக்கும் சேர்த்து இரண்டு டீ சொன்னார்.